கிடென் கையால் குடித்தவர்கள்

சனிக்கிழமை சாயங்காலமானால் கிடென் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். முதலில் தன்னுடைய பத்து விரல், அப்புறம் மகள் ஜோகுடுவின் பத்து விரல். நகம் வெட்டுகிறாள் என்று சொன்னால் போதாது. சதை தெரிகிற மட்டும் சுரண்டி எடுப்பாள். கட்டைவிரலுக்கு வரும்போது கை இன்னும் மெதுவாகும், பிளேடு இன்னும் ஆழமாகப் போகும். சில வாரங்களில் ஓரத்தில் ரத்தம் கசியும். "போதும்மா" என்று அந்தப் பெண் கையை இழுத்தாலும் விடமாட்டாள். மகன் டுக்குவை மட்டும் கூப்பிடுவதே இல்லை. அவன் நகத்துக்குள் ஒரு கொல்லை மண்ணே இருக்கும்; அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அகதி முகாமின் அந்த பிளாக்கில் ஆறு வருஷமாக எல்லாரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சுத்தக்காரி என்று அவளுக்குப் பேர்.

அவள் தண்ணீர் கொடுக்கிற விதத்தையும் பார்த்திருக்கிறார்கள். முதல் மடக்கைத் தான் குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். அதில் அதிசயம் இல்லை. கொடுக்கிறவள் முதலில் குடிப்பது அவர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம். ஆனால் கிடென் கோப்பையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கட்டைவிரல் இரண்டையும் கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு கொடுப்பாள்.

"ஜோகுடு அம்மா தண்ணி குடுத்தா, பாதிரியார் நற்கருணை குடுக்கிற மாதிரியில்ல இருக்கு! வாய்க்கு நேரா வருது, நாக்க நீட்டணும் போல தோணுது" என்பாள் அசுந்தா. பருத்த உடம்பு, பெரிய குரல். யேய் என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. அடிபம்பில் அவள் பேச ஆரம்பித்தால் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேன் நிரம்பி வழிவது தெரியாது.

எல்லாரும் சிரிப்பார்கள். கிடெனும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, யார் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொள்வாள்.

தெற்கு சூடானிலிருந்து எல்லை தாண்டி உகாண்டாவுக்குள் வந்தபோது அவளிடம் இரண்டு பிள்ளைகளும் ஒரு சட்டியும் இருந்தன. புருஷனைச் சாலையில் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பதிவு மேஜையில் பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். கிடென் புருஷனுடைய ஊரைச் சொன்னாள். எழுதிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு பொய்யின் மேல்தான் இங்கே அவள் குடிசை போட்டாள்.

போர் எல்லாரையும் கலைத்துப் போட்டிருந்தது. ஒரே வரிசையில் பத்து ஊர்க்காரர்கள். யார் வீட்டுப் பெண், யாருக்குத் தங்கை என்று விசாரித்துச் சொல்ல ஆளில்லை. மற்றவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கிடெனுக்கோ அதுதான் கூரை.

காரணம் அவளுடைய அம்மா.

அவர்கள் ஊரில் ஒரு பிள்ளை வயிறு வீங்கிச் செத்தால், கடைசியாக யார் கையால் சாப்பிட்டது என்றுதான் முதல் கேள்வி வரும். மருந்து வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்பார்கள். மருந்து கட்டைவிரல் நகத்துக்குள் இருக்கும், கோப்பையைப் பிடிக்கிற சாக்கில் விரல் நனைந்தால் போதும் என்பார்கள். தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மகனுக்குப் போகாது. அப்படி ஒரு பேர் விழுந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கிடென் கல்யாணமாகிப் போன இரண்டாம் வருஷம், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் செத்தான். அதற்கு முந்தின வாரம் அவன் கிடெனின் அம்மாவிடம் கூழ் வாங்கிக் குடித்திருந்தான். கூட்டமாக வந்தார்கள். லோமோரோ என்பவன்தான் கூரையில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டவன். அம்மா கட்டிய துணியோடு ஓடி, தூரத்து உறவுக்காரர் ஒருவரின் மாட்டுக் கொட்டிலில் கிடந்து, அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

ஜோகுடு அப்போது பிறக்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரியக் கூடாது, வேறு யாருக்கும் தெரியக் கூடாது; ஏனென்றால் தெரிந்தால் அந்தப் பேர் அடுத்துப் போய் உட்காருகிற இடம் ஜோகுடுவின் தலை. ஆறு வருஷம் இந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டுதான் கிடென் மூச்சு விட்டாள்.

*

இந்த வருஷம் ரேஷனைப் பாதியாக்கிவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் மாவு முடிந்தது. நிலம் இல்லாமல் இனிப் பிழைக்க முடியாது என்று எல்லாரும் சுற்றுக் கிராமத்தில் மாடி என்ற உள்ளூர் இனத்தாரின் வீடுகளுக்கு நடந்தார்கள். கிடெனுக்கு டிரானி என்ற பெரியவர் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் காட்டினார். விளைவதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. மரம் எதுவும் நடக் கூடாது; மரம் நட்டால் நிலம் நட்டவனுடையதாகிவிடும் என்று அவருக்குப் பயம்.

"முதல் மழைக்குள்ள வெட்டி முடிச்சிடணும். மழை விழுந்தும் புல்லு நின்னுச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன். அப்புறம் அழக் கூடாது" என்றார்.

இடுப்பு உயரப் புல், கைக்கு எட்டாத ஆழத்தில் வேர். தனி ஒருத்தி மண்வெட்டியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் போராடினாலும் தீராது. அதற்கு இருந்த ஒரே வழி அசுந்தா சேர்த்திருந்த கூட்டம். பதினோரு பெண்கள். செவ்வாய்தோறும் ஒருத்தி நிலத்தில் எல்லாரும் வெட்டுவார்கள். நிலத்துக்காரி சாப்பாடும் க்வெத்தேயும் போடுவாள். முளைகட்டிய சோளத்தைப் புளிக்க வைத்து இறக்குகிற அந்தப் பானம் இல்லாமல் யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். கிடென் பத்துப் பேர் நிலத்தில் வெட்டியிருந்தாள். அவள் முறை கடைசி.

அதற்கு ஆறு வாரம் இருக்கும்போது பக்கத்துக் காலி மனையில் ஒரு பெண் வந்து தார்ப்பாய் கட்டினாள். பேர் பஸ்கீனா. வயது இருபத்தெட்டு இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் நாலு வயதுத் தாபு. புருஷன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை; அந்த வரிசையில் அது கேட்கிற கேள்வி இல்லை.

புதிதாக வந்தவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஜோகுடுவிடம் ஒரு சின்ன கேனில் கொடுத்தனுப்பினாள் கிடென். கொடுத்துவிட்டு, இரண்டு மனைக்கும் நடுவே இருந்த கோரைத் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்கீனா கேனை வாங்கினாள். ஜோகுடுவின் விரல்களைப் பார்த்தாள். "எந்த ஊரு நீங்க?" என்றாள். ஜோகுடு அப்பாவின் ஊரைச் சொன்னாள். "உங்க அம்மா பேரு?" சொன்னாள். பெண் இந்தப் பக்கம் திரும்பியதும் பஸ்கீனா கேனைக் கவிழ்த்துப் பப்பாளிச் செடிக்கு ஊற்றினாள். ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

அவள் நிமிர்ந்தபோது வெயில் முகத்தில் நேராக விழுந்தது. அந்த அகன்ற நெற்றியை, நடுவில் பள்ளம் விழுந்த அந்த நெற்றியைக் கிடென் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அது லோமோரோ வீட்டு நெற்றி.

அன்று கிடென் அடுப்பில் வைத்த பீன்ஸ் அடிபிடித்தது.

*

அதற்குப் பிறகு கிடெனுக்கு இரண்டு கண்ணும் தட்டி இடுக்கில்தான். பஸ்கீனா யாரோடு பேசுகிறாள், எவ்வளவு நேரம் பேசுகிறாள், பேசிவிட்டு யார் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். அடிபம்பில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துச் சிரித்தால் அவள் கேன் நிரம்புமுன்னே தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். யூனிஸ் என்ற ஒருத்தி, உப்புக் கடன் கேட்க வாரம் ஒரு தடவை வருகிறவள், இரண்டு வாரமாக வரவில்லை. உப்பு தீரவில்லையா, இல்லை வேறு ஏதாவதா? கிடென் வலியப் போய்க் கேட்டாள்.

"உப்பு இருக்குதா யூனிஸ்?"

"இருக்குதே. ஏன், உங்களுக்கு வேணுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"உப்பு இருக்கான்னு சும்மா கேக்க வந்தீங்களா?" யூனிஸ் ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பார்வையை எடுத்து எடுத்துப் பார்த்தாள் கிடென். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

ஒரு நாள் தாபு தட்டிக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். அடுப்போரம் ஆறிக் கிடந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து வாயில் வைத்தான். அவ்வளவுதான், பஸ்கீனா குழந்தையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் பையனின் தாடையைப் பிடித்துத் திறந்து, விரலை விட்டுத் தொண்டை வரைக்கும் துழாவி, கிழங்கைத் தோண்டி எடுத்து எறிந்தாள். பையன் அலறினான்.

"அவனுக்குக் கிழங்கு ஒத்துக்காது" என்றாள், மூச்சு வாங்க.

"சக்கரவள்ளி ஒத்துக்காத புள்ளைய நான் பார்த்ததே இல்லையே" என்றாள் கிடென்.

"இப்ப பார்த்துட்டீங்கல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிடெனுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். தெரிந்தவள் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் புரியவில்லை. நல்ல நாள் பார்க்கிறாளோ? கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்கிறாளோ?

கூட்டம் சேருகிற நாளை அசுந்தாவே கொண்டுவந்து சேர்த்தாள். "பஸ்கீனாவையும் நம்ம கூட்டத்துல சேர்த்துக்கிட்டேன் ஜோகுடு அம்மா. சின்னப் பொண்ணு, முதுகுல பலம் இருக்கு. உங்க நிலத்துலதான் முதல் வேலை. உங்களுக்கு அதிர்ஷ்டம்!"

"வேணாம்க்கா. என் முறைய தள்ளிப் போட்டுடலாம்."

"தள்ளிப் போட்டு? மழை உங்க மாமன் மகனா, சொன்னா நிக்கிறதுக்கு?"

மறுநாள் டிரானியும் சைக்கிளில் வந்து வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். தெற்கே திரண்டிருந்த மேகத்தைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூட்டை கட்டிக்கொண்டு வேறு முகாமுக்குப் போய்விடலாமா என்று கிடென் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். ஜோகுடு எட்டாம் வகுப்பில் இருந்தாள். டுக்கு எல்லை தாண்டிய நடையை மறந்து, இப்போதுதான் கனவில் துப்பாக்கி வெடிக்காமல் தூங்கப் பழகியிருந்தான். போகிற இடத்திலும் ஒரு தட்டி இருக்கும், தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வருவாள். சோளத்தை நனைத்து முளைகட்டப் போட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை விடியும்போது பதினோரு பெண்கள் ஓடையைத் தாண்டி வந்தார்கள். எல்லாரிடமும் மண்வெட்டியோடு ஒரு கோப்பையும் இருந்தது. ஆளுக்கொரு கோப்பை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தாள் கிடென். யாருடைய கோப்பையையும் தான் தொட வேண்டியதில்லை, பானையில் அவரவரே முகந்து குடிக்கட்டும் என்று அவள் போட்ட கணக்கு. அது அவள் நினைத்த மாதிரி ஆகவில்லை.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டுப் பாத்திரம் நீயே கொண்டுவான்னு சொன்ன முதல் ஆளு இவங்கதான்" என்றாள் யூனிஸ்.

"அடுத்த தடவ அடுப்பையும் தூக்கிட்டு வரச் சொல்லுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

"சோத்த மட்டும் அவங்க சாப்பிட்டுக்குவாங்க, நாம ஏப்பம் விட்டுக்கலாம்!" அசுந்தா போட்ட போட்டில் புல்வெளி முழுக்கச் சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்த பிறகு யூனிஸ் தன் கோப்பையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். கிடென் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையாக நின்று வெட்டினார்கள். வரிசையின் ஒரு கோடியில் கிடென், மறு கோடியில் பஸ்கீனா. அசுந்தா சொன்னது உண்மைதான், அந்தப் பெண்ணுக்கு முதுகில் பலம் இருந்தது. மற்றவர்கள் இரண்டு வெட்டு வெட்டுகிற இடத்தில் அவள் மூன்று போட்டாள். என் நிலத்துக்கு இவள் ஏன் இப்படி உழைக்கிறாள் என்று கிடெனுக்குப் பிடிபடவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

வெயில் ஏறியதும் புளியமரத்தடிக்கு வந்தார்கள். பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. கிடெனும் ஜோகுடுவும் பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள். கிடென் சுரைக்குடுவையில் முகந்து, எல்லாரும் பார்க்க, ஒரு முழுக் குடுவையையும் குடித்தாள். அப்புறம் குடுவையைப் பானையிலேயே போட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக முகந்துகொண்டு போனார்கள்.

பஸ்கீனா எழுந்திருக்கவில்லை. மரத்தின் வேரில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துத் தன் வீட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"ஏய் பொண்ணு, வந்து மொண்டுக்க. எங்க ஆளுங்க பானைய நக்கி வச்சிருவாங்க, அப்புறம் வராது" என்றாள் அசுந்தா.

"வேணாம்க்கா."

"க்வெத்தே வேணாமா? சர்ச்சுல சத்தியம் பண்ணியிருக்கியா?"

"இல்லக்கா."

"வயிறு சரியில்லையா?"

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னடி?"

பஸ்கீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் கோப்பை கோப்பையாகப் பரவியது. வாயருகே போன கைகள் பாதியில் நின்றன. யூனிஸ் பஸ்கீனாவைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், கிடெனின் கையைப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரல்களை ஆறு வருஷமாக வேடிக்கை பார்த்தவள், இன்றைக்குத்தான் அவை ஏன் அப்படி நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று யோசிக்கத் தொடங்கினாள். அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

சொல்லப் போகிறாள், இதோ சொல்லிவிடுவாள் என்று கிடென் பஸ்கீனாவையே பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பாட்டிலைப் பிடித்திருந்த கை கண்ணில் பட்டது. பாட்டிலுக்குள் தண்ணீர் ததும்பித் ததும்பி ஆடிக்கொண்டிருந்தது. கோள் சொல்ல வந்தவளின் கை அப்படி நடுங்காது. அது பயந்தவளின் கை. இந்த ஆறு வாரமும் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் என்பது கிடெனுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. எதற்குப் பயப்படுகிறாள்? பழிக்கு. லோமோரோ வைத்த தீக்குப் பதிலாகத் தாபுவின் வாயில் என்ன வைப்பாளோ என்று.

இதற்கு மேல் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் தாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். கிடென் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ண விடுங்கக்கா. அவ குடிக்க மாட்டா. நான் சொல்றேன் ஏன்னு." குரல் அவளுக்கே வேற்றாள் குரல் மாதிரி கேட்டது. "என் அம்மாவ மருந்து வைக்கிறவன்னு சொன்னாங்க. வீட்ட எரிச்சுத் துரத்துனாங்க. தீ வச்சது இவ அண்ணன். அதனால நான் பழி வாங்குவேன்னு இவளுக்குப் பயம். நான் பிறந்த ஊரு அதுதான், உங்ககிட்ட சொன்னது என் புருஷன் ஊரு. இவ்வளவுதான் விஷயம். பானையில சோளமும் தண்ணியும்தான் இருக்கு. குடிக்கிறவங்க குடிங்க, போறவங்க போங்க."

ஜோகுடு கையில் வைத்திருந்த களித் தட்டோடு அப்படியே நின்றாள்.

பஸ்கீனாதான் முதலில் பேசினாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். "எனக்கு அப்ப பதினோரு வயசு. உங்க அம்மாகிட்ட ஒரு வெள்ளாடு இருந்துச்சு, காது கிழிஞ்சது. தீ வைக்க வந்தவங்க அத என் கையில குடுத்துப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. வீடு எரிஞ்சு முடியிற வரைக்கும் நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் அந்த ஆட்ட நாங்க சாப்பிட்டோம்."

அந்த ஆட்டின் கிழிந்த காது கிடெனுக்கு ஞாபகம் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு. குடிக்க மாட்டேன்" என்றாள் பஸ்கீனா. பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். "ஆனா வெட்டுவேன்." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக வெயிலில் இறங்கிப் போனாள்.

யூனிஸ் தன் கோப்பையைப் புல்லில் கவிழ்த்தாள். "என் வீட்டுல பால் குடிக்கிற புள்ள இருக்கு, என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்று எழுந்தாள். அவளோடு மூன்று பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் அசுந்தாவைப் பார்த்தார்கள்.

அசுந்தா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "பாதி குடிச்சிட்டேன். பாதி மருந்து குடிச்சவ பாதிதான் சாவா. அரைகுறையா செத்து என் புருஷன்கிட்ட யாரு பேச்சு வாங்குறது?" மீதியையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. கிடென் அதையும் பார்த்தாள். மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் குடித்தார்கள். மூன்று பேர் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, களியை மட்டும் பிய்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

மீதி நிலத்தை ஏழு பேரும் கிடெனும் சேர்ந்து வெட்டினார்கள். ஓடையோரத்தில் ஒரு மூலை மிஞ்சிவிட்டது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஜோகுடு பத்தடி முன்னால் நடந்தாள். வாசல் வந்ததும் இரண்டு கையையும் அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்காகத்தானா? சுத்தத்துக்குன்னு நினைச்சேன். வாரா வாரம் ரத்தம் வர வர உட்கார்ந்திருந்தேனே, நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

"உன்னை இல்லடி. பாக்கிறவங்களுக்காக."

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். அசுந்தாக்கா முன்னாடி இல்ல."



*

நாலாம் நாள் அசுந்தா படுத்துவிட்டாள். குளிர் ஜுரம், வாந்தி. சேதி அடிபம்புக்கு வந்து, அங்கிருந்து எல்லா வாசலுக்கும் போனது. கிடென் தண்ணீர் எடுக்கப் போனபோது வரிசை அவளுக்கு வழிவிட்டு விலகியது. மரியாதைக்காக விலகியதல்ல அது. அவள் பின்னால் நின்றவள் பம்புக் கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டு அடித்தாள்.

கிடென் வீட்டுக்கு வந்து சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். ஜோகுடு ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடுப்படியில் வைத்தாள்.

"நான் வரமாட்டேன்மா. போனா நாமதான் செஞ்சோம்னு ஆயிடும்."

அன்று பகல் அசுந்தா வீட்டு வாசலில் கூட்டம் நின்றதே தவிர, யாரும் உள்ளே போகவில்லை. வாந்தி எடுக்கிறவளைத் தொட எல்லாருக்கும் தயக்கம். பஸ்கீனாதான் யாரிடமோ சைக்கிளைக் கேட்டு வாங்கி, அந்தப் பருத்த உடம்பைக் கேரியரில் உட்காரவைத்து, ஒரு கையால் பிடித்து ஒரு கையால் தள்ளி, சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள். போகும்போது அசுந்தா முனகினாளாம்: "மெதுவா போடி, நோயில சாகலைன்னா குழியில விழுந்து சாவேன்."

திரும்பி வந்தபோது பஸ்கீனா நேராக அடிபம்புக்குப் போனாள். மருந்துச் சீட்டில் சுற்றி வைத்திருந்த சின்ன வெள்ளைப் பரிசோதனைத் தகட்டை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தாள். அங்கே இருந்த ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்காக அதைப் பத்துத் தடவை பார்த்திருப்பாள். படிக்கத் தெரியாதவளுக்கும் அது தெரியும்.

"ரெண்டு கோடு. எண்ணிக்குங்க. மலேரியா. நர்சுகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"காய்ச்சல வரவழைக்கிற மருந்தும் இருக்கும்ல" என்றாள் யூனிஸ்.

"அப்ப கொசுவுக்கும் ஜோகுடு அம்மாதான் சோறு போட்டு அனுப்புறாங்களா? உன் புருஷனுக்குப் போன மாசம் வந்துச்சே, அது யாரு பானை?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். யூனிஸ் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். கிடென் அன்று வீட்டை விட்டு வரவில்லை. டுக்கு ஓடிவந்து ஒன்று விடாமல் சொன்னான். கிடென் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் தட்டிக்கு அருகே போய் நின்றாள். அந்தப் பக்கம் பஸ்கீனா குழந்தைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படிச் செஞ்ச?"

பஸ்கீனா தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு கோடு இருந்துச்சு. அதச் சொன்னேன்."

"ஒரு கோடு இருந்திருந்தா?"

குழந்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "தெரியல" என்றாள் பஸ்கீனா.

கிடெனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதில் பொய் இல்லை.

அடுத்த வாரம் மழை விழுந்தது. டிரானி வந்து, வெட்டாமல் விட்ட மூலையை நின்று பார்த்தார். அவர் காதுக்கும் ஏதோ போயிருக்க வேண்டும். கிடென் நீட்டிய முக்காலியில் உட்காராமல் நின்றபடியே, "மூலைய மட்டும் நீயே வெட்டிக்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். நிலத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது அந்த நிலத்தில் எள் பூத்திருக்கிறது, ஓடையோரத்தில் வேர்க்கடலை. விலகிப் போன நாலு பேரில் ஒருத்தி திரும்பி வந்தாள். யூனிசும் மற்ற இரண்டு பேரும் வேறு கூட்டம் சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒன்பது பேர் செவ்வாய்தோறும் வெட்டுகிறார்கள். பஸ்கீனா தவறாமல் வருகிறாள். கிடென் வீட்டில் அவள் இன்றுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை, கிடெனும் கேட்பதில்லை.